ஃபைபர் வள்ளத்துக்கு இரண்டு அடி வால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் 22 அடி ஃபைபர் வள்ளம் இருக்கிறது. முன்பு 9.9 ஹெச்பி இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார். போன வருடம் 25 ஹெச்பி நாலு ஸ்ட்ரோக் மாட்டினேன். அதிலிருந்து பின்பக்கம் அமுங்கி, அணியம் (முன்முனை) வானத்தைப் பார்க்கிறது. பின்னால் இரண்டு அடி நீட்டினால் சரியாகும் என்கிறார்கள். வீட்டு முற்றத்தில் நானே செய்யலாமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: செய்யலாம். ஆனால் கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன், எரிபொருள் கேன், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் முன்னால் நகர்த்தி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே பாதி சரியானால் மீதிக் கதை உங்களுக்கு வேண்டாம்.

சரியாகவில்லையா, கணக்குப் போடுவோம். இரண்டு அடி என்றால் 60 சென்டிமீட்டர். அகலம் ஒன்றரை மீட்டர், தண்ணீருக்குள் இருக்கும் ஆழம் 25 சென்டிமீட்டர் என்று வைத்தால், கடல் நீரில் சுமார் 230 கிலோவைத் தாங்கும் மிதப்பு கிடைக்கும். அடிப்பாகம் வி வடிவமாக இருந்தால் ஏறக்குறைய பாதிதான். அதிலும் புதுப் பகுதியின் சொந்த எடை கழியும், மோட்டாரும் இரண்டு அடி பின்னால் போய்விடும். லாபம் இருக்கிறது, ஆனால் சொல்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

அடுத்தது பழைய பின்பலகை, அதாவது இப்போது மோட்டார் மாட்டியிருக்கும் பலகை. சுனாமிக்குப் பிறகு நம் கரையில் அவசர அவசரமாக அடித்து இறக்கிய படகுகள் ஏராளம், உங்களுடையதும் அந்தக் காலத்தது என்றால் சந்தேகப்பட்டே தொடங்குங்கள். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். டங் டங் என்று வந்தால் நல்லது, மொத்தென்று வந்தால் உள்ளே பலகை ஊறியிருக்கிறது. சந்தேகமான இடத்தில் சின்ன துளை போட்டால் வருகிற தூளே சொல்லிவிடும்: ஈரமாக, கறுப்பாக வந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும், நீட்டுவது அப்புறம்.

நிறையப் பேர் கோட்டைவிடுகிற இடம் அடிப்பாகத்தின் நேர்கோடு. புதுப் பகுதியின் அடி, பழைய அடியின் நீட்சியாக நூல் பிடித்தது போல இருக்க வேண்டும். கடைசியில் கொஞ்சம் கீழே வளைந்தால் ஓடும்போது அணியம் தண்ணீரில் குத்தும், மேலே வளைந்தால் படகு குதிரை மாதிரி துள்ளும். படகை இரண்டே கட்டையில் தூக்கி வைத்தால் அதன் எடையிலேயே அது தொய்ந்திருக்கும், அந்தத் தொய்வோடு ஃபைபர் அடித்தால் வளைவு நிரந்தரமாகிவிடும். அதனால் நாலைந்து இடத்தில் முட்டுக் கொடுங்கள். சன்மைக்கா ஒட்டிய பிளைவுட்டை அடியிலும் பக்கவாட்டிலும் பழைய படகோடு ஒட்டி, இரண்டு அடி பின்னால் நீளும்படி பொருத்தினால் அதுவே அச்சு. மெழுகு தேய்த்து, ஜெல்கோட் (படகின் வெளிப்பூச்சு) பூசி, உள்ளேயிருந்து ஃபைபர் அடியுங்கள்.

அடுத்து இணைப்பு. முட்டுக்கு முட்டு வைத்து மேலே ஒரு பட்டை ஒட்டினால் ஒரு பருவம்கூடத் தாங்காது. அசெட்டோனால் முதலில் துடைத்து (தேய்த்த பிறகு துடைத்தால் அழுக்கும் மெழுகும் கீறல்களுக்குள் போய்விடும்), கிரைண்டரால் சரிவாகச் செதுக்குங்கள். ஃபைபரின் தடிமன் 6 மில்லிமீட்டர் என்றால் சரிவு 12 மடங்கு, அதாவது 7 சென்டிமீட்டருக்குக் குறையாமல், இரண்டு பக்கமும். பழைய பின்பலகையை அறுத்து எடுக்காதீர்கள், அது உள்ளே தடுப்புச் சுவராக நிற்கட்டும். புதுப் பின்பலகைக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி, அதிலிருந்து பழைய பலகைக்கும் உள்நீளக் கட்டைகளுக்கும் தாங்கு கொடுங்கள், மோட்டாரின் தள்ளல் அந்த வழியாகத்தான் படகுக்குப் போக வேண்டும். மோட்டார் தண்டு 15 அங்குலமா 20 அங்குலமா என்று பார்த்து, பலகை உயரத்தையும் பழையபடியே வையுங்கள்.

கேள்வி: சாதாரண பாலியெஸ்டர் ரெசின் போதுமா, எபாக்சி வேண்டுமா?

பதில்: புதுப் பகுதிக்கு பாலியெஸ்டர் போதும். பழைய ஃபைபரோடு சேரும் இணைப்புக்கு எபாக்சி நன்றாகப் பிடிக்கும், செலவு கூடும், அவ்வளவுதான். ஒன்று கவனிக்க வேண்டும்: கடையில் கிடைக்கும் சாதாரண மேட்டின் (கண்ணாடி இழைப் பாயின்) பசை பாலியெஸ்டரில் கரையும்படி செய்தது, எபாக்சியில் கரையாது. எபாக்சிக்கு நெய்த அல்லது தைத்த துணி வாங்குங்கள்.

கேள்வி: ரெசின் கலக்கும்போது புகை வந்து பயந்துவிட்டேன். என்ன தவறு?

பதில்: எனக்கும் நடந்திருக்கிறது. மே மாதத்து மத்தியான வெயிலில் அரை வாளி கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தபோது வாளி புகைந்துகொண்டிருந்தது. ஆழமான பாத்திரத்தில் ரெசினின் சூடு வெளியேற வழியில்லை, சூடு ஏற ஏற இன்னும் வேகமாக இறுகும். விடியற்காலையில் வேலை செய்யுங்கள், ஒரு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள், அகலமான தட்டில் ஊற்றுங்கள், ஒரே மூச்சில் இரண்டு மூன்று மேட்டுக்கு மேல் அடிக்காதீர்கள். கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, நம் வெயிலுக்கு 10 மில்லியே சரி. இன்னும் மெதுவாக இறுகட்டும் என்று அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் முழுசாக இறுகாமல் போகலாம்.

இதைவிட முக்கியம்: இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரான கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்குங்கள், கேட்டலிஸ்ட் பிறகுதான். சில ரெசின்களில் கோபால்ட் ஏற்கெனவே கலந்தே வரும், கடையில் கேளுங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேய்க்கும்போது வரும் தூளுக்குக் கைக்குட்டை போதாது, நல்ல மாஸ்க் வேண்டும், முற்றத்தில் பிள்ளைகளை விளையாடவும் விடாதீர்கள்.

கேள்வி: மீன்வளத்துறையில் சொல்ல வேண்டுமா?

பதில்: பதிவில் படகின் நீளம் இருக்கும். நீளம் மாறினால் சொல்லிவிடுங்கள், வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிட்டால் நல்லது.

கேள்வி: நீட்டிய பகுதிக்குள் ஃபோம் நிரப்பலாமா? எப்போது தண்ணீரில் இறக்கலாம்?

பதில்: ஃபோம் ஒருமுறை தண்ணீர் குடித்தால் பிறகு காயாது, எடைதான் ஏறும். காலியாக விட்டு, நீர் புகாமல் அடைத்து, அடியில் ஒரு வடிகால் திருகு வையுங்கள். ஒரு வாரம் காயட்டும். முதல் ஓட்டம் கரையோரமாகவே, பாதி வேகத்தில். திரும்பி வந்து மேலே இழுத்ததும் அந்தத் திருகைக் கழற்றிப் பாருங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் மோட்டாரின் போல்ட் துளைகளில்தான் முதலில் தேடுங்கள்.