டவுன் என்றால் கீழே. அப்புறம் ஏன் இங்கிலாந்தில் குன்றுகளுக்கு டவுன்ஸ் என்று பெயர்?

சவுத் டவுன்ஸ், நார்த் டவுன்ஸ் என்ற பெயர்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஊரைக் குறிக்கும் டவுன் தனிச் சொல், அதை இதில் கலக்க வேண்டாம்.

உண்மையில் குன்று என்பதுதான் மூத்த பொருள். பழைய ஆங்கிலத்தில் டூன் என்றால் குன்று. மேலேயிருந்து இறங்கி வருவதை 'ஆஃப்டூனே' என்றார்கள், அதாவது குன்றிலிருந்து. பேசிப் பேசி அந்த ஆஃப் தேய்ந்து வெறும் அகரமாகி 'அடூனே' என்று நின்றது, அப்புறம் அந்த அகரமும் உதிர்ந்துபோய் குன்று மட்டும் மிஞ்சியது. 'இலிருந்து' போய்விட்டது, ஆனால் இறங்குவது என்ற பொருளைக் குன்றின் தலையில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது! எனக்குத் தெரிந்து ஒரு சொல் தன் பொருளுக்கு இவ்வளவு நேர் எதிராகத் திரும்பியது அபூர்வம். டூன் டவுனாக ஒலிக்கத் தொடங்கியது பிற்பாடு. ஹூஸ் ஹவுஸ் ஆனதும் மூஸ் மவுஸ் ஆனதும் அதே ஒலிமாற்றத்தில்தான்.

குன்றுகளோ பழைய பெயரை விடவில்லை. பெரிய மலைகள் இல்லை அவை, புல் மூடிய சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், சவுத் டவுன்ஸிலேயே உயரமான பட்ஸர் ஹில்லே 271 மீட்டர்தான். நார்த் டவுன்ஸ் கடலைத் தொடும் இடத்தில் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வெளியே தெரிகிறது, டோவரின் வெள்ளைப் பாறைகள் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

பிரிட்டிஷ் ரயில்வேயில் டவுன் என்பதற்கும் மேடு பள்ளத்துக்கும் சம்பந்தமில்லை. பொதுவாக லண்டனை நோக்கிப் போவது அப், லண்டனை விட்டுப் போவது டவுன், பாதை மலையேறினாலும் சரி.

ஒலி ஒன்றாக இருப்பதாலேயே எல்லாம் ஒரே சொல் ஆகிவிடாது. பறவையின் உடலை ஒட்டி இருக்கும் மெல்லிய இறகையும் டவுன் என்கிறார்கள், அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. வட அயர்லாந்தின் டவுன் கவுன்ட்டி, கோட்டை என்ற பொருளுள்ள ஐரிஷ் சொல்லிலிருந்து வந்த பெயர். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் டவுன் சிண்ட்ரோம் என்ற நிலையின் பெயரில் 'கீழ்' என்ற பொருள் துளியும் கிடையாது, 1866இல் அதை விவரித்து எழுதிய ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவரின் குடும்பப் பெயர் அது. வளர்ச்சி கீழே இருப்பதால் அந்தப் பெயர் என்று யாராவது விளக்கம் சொன்னால் தயவுசெய்து அங்கேயே திருத்துங்கள், அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் காதிலும் அது விழுகிறது.