வங்கிக் கிளை வடிவமைப்பு படிக்கலாமா? ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

“பணமெல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. இனி வங்கிக் கட்டடத்தை வடிவமைக்கும் வேலையை நம்பி என் மகள் படிக்கலாமா?” என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம். பல நாடுகளில் கிளைகள் குறைந்துவருவது உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் கிளைகளைக் குறைக்கும் வங்கிகள்தான், மிச்சம் இருப்பவற்றை மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கின்றன. பணக் கவுண்டர்கள் சுருங்கி, கடனைப் பற்றி உட்கார்ந்து பேசும் அறைகள் வருகின்றன. ஆகவே உங்கள் மகளுக்குப் புதுக் கட்டடங்களைவிடப் பழையதைப் புதுப்பிக்கும் வேலையே அதிகம் வரும்.

உள்ளலங்காரம் என்றால் பெயிண்டும் நாற்காலியும்தானே என்றும் எழுதியிருந்தீர்கள். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எந்த நிறம், பெயர்ப்பலகை எவ்வளவு உயரம், கவுண்டருக்கு எந்த மரம் என்பதையெல்லாம் பெரும்பாலும் வங்கியின் பிராண்ட் கையேடே சொல்லிவிடும். ஒரு கிளைக்குப் போட்ட வரைபடம் நூறு கிளைகளுக்குப் போகும். அதில் ஒரு தப்பு இருந்தால் அதுவும் நூறு இடத்துக்குப் போகும். மின்சாரம் வீணாவதும் அப்படித்தான்.

என்னிடம் வந்த ஒரு மாணவனை, மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு கிளையில் பிற்பகல் முழுக்க உட்காரச் சொன்னேன். போட்டோ எடுக்கக் கூடாது, நோட்டில் எழுதலாம். முகப்பு முழுவதும் மேற்கு பார்த்த கண்ணாடி. நாலு மணிக்கு வெயில் நேராக ஊழியரின் கணினித் திரையில் விழ, அவர் எழுந்து திரைச்சீலையை இறக்கினார். உள்ளே இருட்டாகிவிட, எல்லா விளக்கையும் போட்டார்கள். காய்ந்த கண்ணாடியின் சூடு போக ஏசியையும் கூட்டினார்கள். அந்தக் காற்று நேராக இறங்கிய இடத்தில் காசாளர் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வாசல் பக்கம் நின்றவர்களுக்கோ வியர்த்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு நிழல் தடுப்பு இருந்திருந்தால் பாதித் தொல்லை வந்திருக்காது. அன்று அவன் எழுதிய நாலு பக்கம் ஒரு பருவத்துப் பாடத்துக்குச் சமம் என்பது என் கருத்து.

கண்ணாடியைக் குறை சொல்லவில்லை. 1954-ல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் கட்டிய ஒரு வங்கி, பெட்டக அறையின் பெரிய கதவையே தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி கண்ணாடிக்குப் பின்னால் வைத்தது. கோட்டை மாதிரி இருந்த வங்கி, உள்ளே வாருங்கள் என்று அழைத்தது. ஹாங்காங்கில் 1985-ல் முடிந்த எச்எஸ்பிசி வங்கியின் தலைமையகம் எதிரொளிக்கும் கண்ணாடிகளை வைத்து வெயிலைத் திருப்பி நடுக்கூடத்துக்குள் வெளிச்சமாக இறக்கியது, குளிரூட்டலுக்குக் கடல்நீரைப் பயன்படுத்தியது. வங்கியின் முகமும் மின்சாரச் சிக்கனமும் ஒரே வரைபடத்தில் சேரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சரி, என்ன படிப்பது? கட்டடக்கலைப் பட்டம் இருந்தால் கட்டடத்துக்கே பொறுப்பேற்கலாம். உள்ளலங்காரப் படிப்பு மட்டும் என்றால் சுவர்களுக்கு உள்ளே இருக்கும் வேலையோடு நிற்க வேண்டியிருக்கும், அதுவும் கௌரவமான வேலைதான். எதை எடுத்தாலும் கட்டட வரைபடம் போடும் ரெவிட் மென்பொருளோடு நிறுத்திவிடக் கூடாது. வெளிச்சத்தைக் கணக்கிடும் டயலக்ஸ், கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கணிக்கும் எனர்ஜிபிளஸ் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்புறம், லீட் பசுமைக் கட்டடச் சான்றின் முதல் படித் தேர்வைப் படிக்கும்போதே எழுதிவிடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வங்கி மட்டும்தான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நூறு இடத்தில் ஒரே முகத்தோடு கட்டும் வேலை மருந்துக் கடைக்கும் கண் மருத்துவமனைக்கும் உண்டு. அதைக் கற்றவளுக்கு வங்கி ஒரு வாசல் மட்டுமே.

படிப்பில் சேர்வதற்கு முன் அவளையும் ஒரு பிற்பகல் ஏதாவது ஒரு கிளையில் உட்காரச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு வரட்டும், எந்தப் படிப்பு என்பதை மூவரும் சேர்ந்து பேசி முடிவு செய்வோம்.