அவன் எத்தனை மணிக்கு அடிக்கிறான்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். 23 பிள்ளைகள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் பக்கத்துப் பிள்ளைகளைத் தள்ளுகிறான், கட்டைகளை வீசுகிறான், அதட்டினால் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஆரம்பித்துவிட்டார்கள். "ரெண்டு போடுங்க டீச்சர், அப்பதான் அடங்குவான்" என்கிறார் அவன் பாட்டி. ரோத்தானை (பிரம்பை) மேசைமேல் சும்மா வைத்தாலாவது பயம் இருக்குமா?
– ஓர் ஆசிரியை

பதில்: ரோத்தான் வேண்டாம் டீச்சர். சும்மா வைப்பதற்கும் வேண்டாம். மலேசியாவின் 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளே பிரம்படியைத் தலைமையாசிரியரிடமும் அவர் அதிகாரம் கொடுத்தவரிடமும்தான் விட்டிருக்கின்றன. அப்படி ஒரு விதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரம்புக்குப் பயந்து உட்காருகிற பையன், நீங்கள் ஆபீசுக்குப் போய்த் திரும்புவதற்குள் உதவியாளர் அக்காவை ஒரு வழி பண்ணிவிடுவான்.

அவன் என்னென்ன செய்கிறான் என்று எழுதிவிட்டீர்கள். எத்தனை மணிக்குச் செய்கிறான் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். ஒரு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள்: நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, அதற்குப் பின் அவனுக்கு என்ன கிடைத்தது. கடைசியில் உள்ளதை விட்டுவிடாதீர்கள். கட்டையை வீசியதும் நீங்கள் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காருகிறீர்கள் என்றால், திட்டினாலும் சரி, கொஞ்சினாலும் சரி, டீச்சர் தனக்கே தனக்காக வந்துவிட்டார் என்பதுதான் அவன் கணக்கு.

பாதித் தள்ளுமுள்ளு கை கழுவும் வரிசையில்தான் நடக்கும் என்பது என் ஊகம். ஒரு குழாய்க்கு 23 பேரை நிறுத்தினால் கடைசிப் பிள்ளை பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நாமே முன்னால் நிற்பவரை முறைக்கிறோம், அவனுக்கு வயது ஐந்து. ஆறாறு பேராக அனுப்புங்கள். மற்றவர்கள் பாயில் உட்கார்ந்து அக்காவோடு பாடட்டும். கழுவி வருகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிற வேலையை அவனிடம் விடுங்கள். வரிசை தொடங்கும் முன்பே அந்த வேலையைக் கொடுத்துவிட வேண்டும். தள்ளிய பிறகு கொடுத்தால் தள்ளியதற்குப் பரிசு என்றாகிவிடும், மற்ற நாலு பேரும் துண்டு கேட்டு வந்து நிற்பார்கள்.

அடுத்த இடம் கட்டை விளையாட்டு. பாலம் கட்டி முடிக்கப் போகும்போது "போதும், எடுத்து வை" என்றால் யாருக்கும் கோபம் வரும். ஐந்து நிமிடத்துக்கு முன்பே அவனிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். எடுத்து வைக்க என்று ஒரு பாட்டு, தினமும் அதே பாட்டு. முடியாத பாலத்தை நாளைக்கு என்று ஓரமாக வைக்க விடுங்கள்.

அப்புறம், சொல்கிற விதம். வகுப்பின் அந்தக் கோடியிலிருந்து "ஓடாதே, தள்ளாதே" என்று கத்தினால் என்ன செய்யக்கூடாது என்பதுதான் அவனுக்குத் தெரியும். கிட்டே போய்க் குனிந்து, "நடந்து வா", "கட்டையைப் பெட்டியில போடு" என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். செய்தால் "குட் பாய்" போதாது. "சிவப்புக் கட்டையெல்லாம் நீயே எடுத்து வச்சிட்டியே" என்று செய்ததைச் சொல்லுங்கள், அந்த நாலு பேர் காதிலும் விழட்டும்.

அடித்துவிட்டால் முதலில் அடி வாங்கிய பிள்ளையிடம் போங்கள். அவனைப் பிறகு ஓர் ஓரமாக உட்கார வைத்துப் பேசாமல் பக்கத்தில் இருங்கள். "ஏன் அடிச்சே?" என்று கேட்டுப் பயனில்லை, அவனுக்கே தெரியாது. அடங்கிய பின், "கட்டை வேணும்னா எனக்கும் கொடுன்னு கேளு" என்று சொல்லிக்கொடுத்து, அப்போதே ஒருமுறை கேட்க வையுங்கள். வாய் வார்த்தைக்கு 'சாரி' சொல்ல வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் சில நாள் அவன் முன்பைவிட மோசமாகலாம், பழைய வழி பலிக்கிறதா என்று பார்ப்பான். அக்காவும் நீங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

வீட்டு நிலைமையையும் விசாரியுங்கள். அம்மா விடியற்காலை ஃபேக்டரி பஸ் பிடிக்கிறவர், அப்பா தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர் என்றால், ஐந்து மணிக்கே எழுப்பி அரைத் தூக்கத்தில் பாட்டி வீட்டில் விட்டுப் போகிறார்களோ என்னவோ. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். ராத்திரி பதினொன்று வரை கையில் போன் இருந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். ஆனால் இதைப் பள்ளி வாசலில் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். தினமும் வாசலில் புகார் கேட்கிற தாய், வீட்டுக்குப் போய் முதலில் கையைத்தான் ஓங்குவார். இரண்டு நாள் நல்லதாக ஏதாவது சொல்லுங்கள், பிறகு தனியாகப் பேசுங்கள்.

பின்னால் நின்று மெதுவாக அவன் பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். பலமுறை திரும்பவில்லை என்றால், அல்லது அடிக்கடி சளி, காதுவலி என்றால் காதைப் பரிசோதிக்க அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் பிள்ளைக்குச் சரியாகக் கேட்காது, வெளியே பார்த்தால் அடம் போலத்தான் தெரியும். பேச்சும் வயதுக்குப் பிந்தியிருந்தால் அதையும் அங்கே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் குறித்த நோட்டைக் கூடவே கொடுத்தனுப்புங்கள், டாக்டருக்கு உதவும்.