மூடிய பெட்ரோல் பங்கில் மண் மாதிரி எடுக்கும் வேலை ஆபத்தானதா?

"வாடை அடித்தால் விலகிக்கொள்ளலாம்தானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். மதுரைப் பக்கம் சில வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். மூக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

மேலூர் ரோட்டில் ஒரு பழைய பங்க். டேங்கைத் தூக்கிய குழி ஓர் ஆள் ஆழம். காலையில் போனதும் மண்டையைப் பிளக்கிற வாடை. அரை மணி நேரத்தில், "வாடை போயிருச்சு சார், இறங்கவா?" என்றார் கூட வந்த அண்ணன். எனக்கும் போனது போலத்தான் இருந்தது. காற்றில் எரியும் ஆவி எவ்வளவு என்று காட்டும் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். மேலே சத்தமே இல்லை. அடியை நெருங்கியதும் கத்த ஆரம்பித்தது. வாடை அங்கேயேதான் இருந்திருக்கிறது, எங்கள் மூக்குதான் பழகிவிட்டது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். பள்ளம் கண்ட இடத்தில் தங்கிவிடும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். அதில் பத்தில் ஒரு பங்கை எட்டும்போதே மீட்டர் கத்துகிற மாதிரி வைத்துக்கொள்வோம். கத்தினால் எல்லோரும் வெளியே. அன்று விலகி வந்த அண்ணன், குழியிலிருந்து பத்தடி தள்ளி நின்று காதில் சொருகியிருந்த பீடியை எடுத்தார்! அவரை அனுப்பிய கான்ட்ராக்டர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

தீ உடனே தெரியும். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் அப்படியில்லை, ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு அதன் வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 1 பங்கு. அந்த அளவில் மூக்குக்கு ஒன்றுமே தெரியாது. கொரோனா மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். கைக்கு நைட்ரைல் உறை.

துளை போடும் மெஷினை வைப்பதற்கு முன் முதல் நான்கடியைக் கையால் தோண்டுங்கள், பழைய கேபிள் எங்கே ஓடுகிறது என்று பங்க்காரருக்கே தெரியாது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் என்றால் குழிக்கு முட்டுக் கொடுக்காமல் இறங்கவே கூடாது. சித்திரை வெயிலில் அந்த முகமூடி, உறையோடு நிற்பது தனி அவஸ்தை, அடிக்கடி நிழலுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு. தண்ணீரில் எண்ணெய் மினுமினுத்தால் உள்ளேயும் ஆவி நிற்கும். நிறையக் கிணறுகளில் மோட்டார் உள்ளே திட்டில்தான் இருக்கும், போட்டால் அதன் பொறியே போதும். தோட்டக்காரரிடம் முதலில் போய், "அண்ணாச்சி, இன்னைக்கு மோட்டார் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்து வேலையை ஆரம்பியுங்கள்.