மூன்று ஆப்ஜெக்ட், ஒரே ஃபைனலி

கேள்வி: ஜவுளிக் கடைகளுக்காக டெல்ஃபி என்ற புரோகிராமிங் மொழியில் எழுதிய பழைய பில்லிங் புரோகிராம் ஒன்றைப் பராமரிக்கிறேன். ஒரே ப்ரொசீஜரில் ஒரு ஃபைல்ஸ்ட்ரீமும் (கோப்பைத் திறந்து படிக்கும் ஆப்ஜெக்ட்) இரண்டு ஸ்ட்ரிங்லிஸ்ட்டும் (வரிகளின் பட்டியல்) தேவைப்படுகின்றன. ட்ரை-ஃபைனலியை (ட்ரை பகுதியில் பிழை வந்தாலும் ஃபைனலி பகுதி கட்டாயம் ஓடும்) ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினால் புரோகிராம் வரிகள் வலப்பக்கமாக ஓடிக்கொண்டே போகின்றன. ஒரே ஃபைனலியில் மூன்றையும் ஃப்ரீ செய்யலாமா (மெமரியிலிருந்து விடுவிக்கலாமா)?
– வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் ட்ரைக்கு முன்பே மூன்று வேரியபிளுக்கும் நில் (எந்த ஆப்ஜெக்டும் இல்லை என்ற மதிப்பு) கொடுத்துவிடுங்கள். அவசரத்தில் எழுதிய புரோகிராமில் விட்டுப்போவது இந்த மூன்று வரிதான்.

ப்ரொசீஜருக்குள் ஒரு ஸ்ட்ரிங்கை அறிவித்தால் டெல்ஃபியே காலியாக்கித் தரும். ஆப்ஜெக்ட் வேரியபிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. முன்பு அங்கே கிடந்த குப்பைதான் இருக்கும். முதலில் உருவாக்கும் ஃபைல்ஸ்ட்ரீம், கோப்பைக் காணாமல் ஈஎஃப்ஓபன்எர்ரர் என்ற பிழையை எறிகிறது என்று வையுங்கள். உடனே ஃபைனலி ஓடும், இன்னும் உருவாகாத லிஸ்ட்டையும் ஃப்ரீ செய்யப் போகும். குப்பை முகவரியில் ஃப்ரீ! பெரும்பாலும் ஆக்சஸ் வயலேஷன்தான், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை. கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற நிஜப் பிழை அதற்கடியில் புதைந்துவிடும். கடைக்காரர் போனில் படித்துக் காட்டும் எண்களை வைத்துக்கொண்டு நீங்கள் முழிக்க வேண்டியதுதான். நில் இருந்தால் இந்த வம்பே இல்லை. ஃப்ரீ, நில்லா என்று பார்த்துவிட்டுத்தான், ஆப்ஜெக்டை அழிக்கும் டெஸ்ட்ராயைக் கூப்பிடும். நில் இல்லையா என்று பார்க்கத் தனியாக ‘இஃப் அசைண்ட்’ எழுதத் தேவையில்லை.

சரி, ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் பாதியில் விழுந்தால், பிடித்த மெமரி விடுபடாமல் கசியாதா? கசியாது. டெல்ஃபியே டெஸ்ட்ராயை ஓட்டி இடத்தை விடுவித்துவிடும். வேரியபிள் நில்லாகவே நிற்கும். பாதியில் விழுந்தாலும் டெஸ்ட்ராய் ஓடுவதால், நீங்கள் எழுதும் கிளாஸின் டெஸ்ட்ராய், அரைகுறையாக உருவான ஆப்ஜெக்டையும் தாங்க வேண்டும்.

ஃப்ரீயை, உருவாக்கிய வரிசைக்குத் தலைகீழாக எழுதுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாக எழுதுவதில் ஒரு லாபம் உண்டு: ஏதோ ஒரு டெஸ்ட்ராயே பிழை எறிந்தாலும் மற்றவை விடுபடும். என்னைக் கேட்டால், அப்படி எறிகிற டெஸ்ட்ராயைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

ப்ராஜெக்ட் கோப்பில் ரிப்போர்ட்மெமரிலீக்ஸ்ஆன்ஷட்டவுனுக்கு ட்ரூ கொடுத்து, வேண்டுமென்றே இல்லாத கோப்பின் பெயரைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கசிவு இருந்தால் புரோகிராமை மூடும்போது கிளாஸ் பெயரோடு ஒரு பெட்டி வரும். டெல்ஃபி 2006 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. உங்களுடையது டெல்ஃபி 7 என்றால் ஃபாஸ்ட்எம்எம் என்ற மெமரி மேனேஜரைத் தனியாக இறக்கி, ப்ராஜெக்டின் யூசஸில் முதல் யூனிட்டாகச் சேர்க்க வேண்டும்.