மலாவியில் ஏரியைத் தவிரப் பார்க்க ஒன்றுமே இல்லையா?

மலாவியின் பிளான்டையர் நகரத்துக்கு வேலைக்குப் போகிறீர்கள், மலாவி ஏரியை விட்டால் வேறொன்றும் இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை எடுத்து ஏரிக்கரைக்குப் போய், சாம்போ மீனைப் பொரிக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பும் நம் ஆட்கள்தான். முதல் ஒன்றரை வருடம் நானும் அதே கோஷ்டி.

ஏரியை மட்டம் தட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். 580 கிலோமீட்டர் நீளம், கேப் மெக்லியரில் தலையைத் தண்ணீருக்குள் விட்டாலே மஞ்சளும் நீலமுமாக சிக்லிட் மீன்கள். நாணல் மண்டிய கரையில் மட்டும் இறங்காதீர்கள், நத்தை வழியாக பில்ஹார்சியா என்ற புழு நோய் வரும். விலங்குகள்தான் வேண்டுமென்றால் லிவோண்டே தேசியப் பூங்காவுக்குப் போங்கள். ஷிரே ஆற்றில் படகில் உட்கார்ந்தபடியே யானை பார்க்கலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் முலாஞ்சே மலை. பிளான்டையரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் மதில் மாதிரி கருங்கல் மலை எழுந்து நிற்கும். 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. உச்சி சபித்வா, 3,002 மீட்டர். அந்தப் பெயருக்கு ‘அங்கே போகாதே’ என்று அர்த்தம் சொல்வார்கள்.

நான் 2024 ஜூலையில் போனேன். மலையடிவாரத்து லிகுபூலாவில் வழிகாட்டியிடம் கூலி பேசும்போதே தகராறு. பேரம் பேசிக் குறைத்தேன். கஞ்சன் என்று நினைக்காதீர்கள். எனக்குச் சம்பளம் மலாவிப் பணமான குவாச்சாவில். 2023 நவம்பரில் ஒரு டாலர் 1,180இலிருந்து ஒரே நாளில் 1,700 ஆனது. ஊருக்கு அனுப்பும் பணம் அப்படியே சுருங்கிப்போனது. முதலாளி ஒரு குவாச்சா கூட ஏற்றவில்லை, “எல்லாருக்கும்தானே கஷ்டம்” என்றார். அவருக்கு வரவு டாலரில்! நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சம்பளம் எந்தப் பணத்தில் என்று கேளுங்கள். சரி, மலைக்கு வருகிறேன்.

முதல் நாள் சிசெப்போ குடிசையில் தங்கல். வழியில் தலையில் பலகை சுமந்து இறங்குகிறவர்களைப் பார்த்தோம். முலாஞ்சே சீடர் அந்நாட்டின் தேசிய மரம், ஆனால் முதிர்ந்த மரங்களை அநேகமாக வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மறுநாள் விடியலில் ஏறினோம். வீடு வீடாகப் பாறைகள். சில இடங்களில் தவழ்ந்து போக வேண்டும். பாறையில் சிவப்புச் சாயத்தில் குறி போட்டிருப்பார்கள், அதுதான் பாதை. பத்து மணிக்கு சிபெரோனி வந்துவிட்டது. மொசாம்பிக் பக்கமிருந்து வரும் குளிர்ந்த மூடுபனித் தூறலுக்கு அங்கே அந்தப் பெயர்.

வழிகாட்டி பையை இறக்கிவைத்துவிட்டு, “போதும் பாஸ், திரும்பலாம்” என்றார்.

நான் கோத்தகிரிக்காரன். எனக்கா பனி காட்டுகிறாய் என்று ரோஷம். “காசு கொடுத்தது உச்சிக்கு” என்று சொல்லிவிட்டு நானே முன்னால் ஏறினேன். முப்பது அடி இருக்கும். அடுத்த சிவப்புக் குறியைக் காணோம். திரும்பிப் பார்த்தேன், வந்த குறியையும் காணோம். கூப்பிட்டேன். பதில் குரல் கீழேயிருந்து வரவில்லை, இடப்பக்கமாக எங்கேயோ மேலிருந்து வந்த மாதிரி இருந்தது. அந்த நிமிடம் வயிற்றைக் கலக்கியதை மறைக்க விரும்பவில்லை. 2003இல் தனியாக ஏறிய நெதர்லாந்துப் பெண் ஒருவரைக் கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை என்று முந்தின ராத்திரிதான் வழிகாட்டி சொல்லியிருந்தார். நான் அதைக் கூலி கூட்டச் சொல்லும் கதை என்று நினைத்திருந்தேன்.

அசையாமல் நில்லுங்கள் என்று கத்திக்கொண்டே வந்து கையைப் பிடித்தார். திட்டவில்லை. குடிசைக்கு இறங்கியதும் அடுப்பு மூட்டி என்சிமா என்ற மக்காச்சோளக் களி கிண்டி எனக்கும் வைத்தார்.

“மலையில் பிறந்தவனுக்கு இதெல்லாம் தெரியாதா” என்று யாராவது கேட்பார்கள். எங்கள் ஊர் மலையில் பத்தடிக்கு ஒரு டீக்கடை ஐயா, அது வேறு.

லிகுபூலாவில் அவர் முதலில் கேட்ட தொகையையே கொடுத்தேன். நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, “சிக்கோமோ பாஸ்”, நன்றி பாஸ், என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் மே முதல் அக்டோபருக்குள் போங்கள், ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்வெட்டர் கட்டாயம். உச்சியிலிருந்து எடுத்த படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கருத்துப் பகுதியில் போட வேண்டாம்.