தங்க மோதிரமும் டின் வளையமும்: மெட்டல் டிடெக்டர் கேள்வி பதில்

போன சனிக்கிழமை இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கோதுமை அறுத்த வயல் ஒன்றில் நாள் முழுக்க மெட்டல் டிடெக்டரோடு அலைந்தேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பத்து வருடமாக இந்தப் பைத்தியம் எனக்கு. தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, அன்றைக்கு என்னதான் கிடைத்தது? மறைக்காமல் சொல்லுங்கள்.

மறைக்க என்ன இருக்கிறது? அறுபது குழியாவது தோண்டியிருப்பேன். வேட்டைத் தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகம் பதினாறு, ஈயத் துண்டுகள், கோட்டுப் பித்தான்கள், டிராக்டரிலிருந்து கழன்ற நட்டுகள், விக்டோரியா ராணியின் முகம் தேய்ந்துபோன பென்னிக் காசு இரண்டு. மூன்று மணிக்கு மேல், சரி கிளம்பலாம் என்று திரும்பியபோது மெல்லிசாக ஒரு சிக்னல். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளித் துண்டு.

உடைந்த தகடு என்று வீசியிருப்பேன். அது பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி காலத்துப் பென்னியில் கால் பங்கு! அந்தக் காலத்தில் சில்லறைக்குப் பென்னியையே பின்பக்கச் சிலுவைக் கோட்டின் வழியே இரண்டாகவோ நாலாகவோ வெட்டிக்கொள்வார்கள். 1279 வாக்கில் அடுத்த மன்னர் முதலாம் எட்வர்ட் வட்டமான சிறு காசுகளை அடிக்கத் தொடங்கும்வரை இதுதான் வழக்கம். காசின் ஓரத்தைச் சீவித் திருடுகிறார்கள் என்று 1247-இல், சீவினால் தெரிந்துவிடும்படி சிலுவையின் கைகளை விளிம்புவரை நீட்டினார்கள். என் துண்டிலும் கோடு விளிம்புவரை போகிறது. தொலைத்தவர் அன்றைக்கு எவ்வளவு நேரம் குனிந்து தேடினாரோ.

கேள்வி: தங்கத்தை மட்டும் காட்டும்படி மெஷினை வைக்க முடியாதா?

முடியாது. முடியும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். மெஷினின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது பட்டதும் உலோகத்துக்குள் சிறிய மின்னோட்டம் சுழலும். அதிலிருந்து திரும்பிவரும் காந்தப்புலத்தைத்தான் மெஷின் பிடிக்கிறது. பொருள் எவ்வளவு பெரியது, எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதை வைத்துத் திரையில் ஓர் எண் வரும். மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் பெரும்பாலும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை அணைத்துவிட்டால் மோதிரமும் போச்சு. நான் அணைப்பதில்லை. வீட்டில் ஊறுகாய் ஜாடி நிறைய டின் வளையம் இருக்கிறது.

கேள்வி: நகைக்குக் கடற்கரைதானே நல்லது?

ஆமாம். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும். புயல் அடித்து மேல்மணலை அரித்துப்போன மறுநாள் போங்கள். ஆனால் உப்பு ஈரம் சாதாரண மெஷினை உளற வைக்கும். பல அலைவரிசையில் இயங்கும் மெஷின் அல்லது காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை தேவை. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: புதையலே கிடைத்தால் யாருக்கு?

முதலில் நிலத்துக்காரரின் அனுமதி, அதுவும் எழுத்தில். அது இல்லாமல் எடுப்பது திருட்டு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் நிலத்துக்காரர் சொன்னாலும் போதாது. 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால் அது புதையல். அந்த வயதுடைய தங்க, வெள்ளி நகைகளும் அப்படித்தான். 14 நாளுக்குள் கொரோனருக்கு, அதாவது சந்தேக மரணங்களோடு புதையலையும் விசாரிக்கும் அதிகாரிக்கு, தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் வாங்கினால், வழக்கமாகக் கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பாதிப் பாதி. என் கால் பென்னி ஒற்றைக் காசு என்பதால் புதையலில் சேராது. இருந்தாலும் தொல்லியல் பதிவுக்குக் கொடுத்திருக்கிறேன்.

1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னி கிராமத்தில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போனவருக்குக் கிட்டத்தட்ட 15,000 ரோமானியக் காசுகள் அகப்பட்டன. பெரிய விஷயம் என்று தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். அதனால் பெட்டிக்குள் எது எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை ஆய்வாளர்களால் பார்க்க முடிந்தது. பரிசு 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது. 2015-இல் ஹெர்ஃபர்ட்ஷயரில் வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடிகள்) காலத்துப் புதையலை மறைத்து விற்ற இருவருக்குக் கிடைத்ததோ பல வருடச் சிறை.

கேள்வி: ஊருக்கு வரும்போது மெஷினைக் கொண்டுவாருங்கள் அண்ணா, கரூர் அமராவதி ஆற்றில் பார்க்கலாம்.

வேண்டாம் தம்பி. அந்த மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்தது உண்மைதான். ஆனால் இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதை எடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்!

கேள்வி: பழைய காசைப் புளி போட்டு விளக்கலாமா?

ஐயோ. குத்துவிளக்குக்குத்தான் புளி. செம்பு, வெண்கலக் காசின் பச்சைப் பூச்சைத் தேய்த்தால் எழுத்தும் போகும், விலையும் போகும். வெள்ளியைத் தண்ணீரில் அலசினால் போதும்.

கேள்வி: இதில் சம்பாதித்தது எவ்வளவு?

பத்து வருடத்தில் தங்க மோதிரம் நாலு. இரண்டுக்கு உள்ளே பெயர் பொறித்திருந்ததால் சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டைப் போலீசில் ஒப்படைத்தேன், ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை என்று திருப்பித் தந்தார்கள். அதை விற்றாலும் மெஷின் விலைக்குக் காணாது. பெட்ரோல் கணக்கை என் மனைவி கேட்டதில்லை, நீங்களும் கிளறிவிடாதீர்கள்.